ஐப்பசி மாத எல்கேஜி வகுப்பு: புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மழலையர் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஜூன் மாத அழுகையைக்கூடச் சமாளித்துவிடலாம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு வருகிற மாதம்தான் ஆளைப் புரட்டி எடுக்கும். காந்தி ஜெயந்தி, வகுப்பில் கொலு, ஆயுத பூஜை, விஜயதசமி சேர்க்கை, அக்டோபர் 15-இல் கலாம் பிறந்தநாள், தீபாவளி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். நடுவில் வடகிழக்குப் பருவமழையும் வந்து, காலை ஆறு மணிக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார்.

ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் இளம் ஆசிரியர்கள் இந்த மாதத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள்தான். டைரியில் குறிப்பு எழுத மறப்பது, ஃபெவிக்கால் டப்பாவை எட்டும் இடத்தில் வைப்பது போன்றவற்றை ஒருமுறை பட்டதும் அவர்களே திருத்திக்கொள்வார்கள். யாராவது சொன்னால்தான் தெரியும் என்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

போர்ஷனைப் பிடிக்க எழுத்தைத் திணிப்பது

எத்தனை ஆண்டு ஆனாலும் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பூஜை விடுமுறையிலும் மழை விடுமுறையிலும் நாட்கள் போய்விடும். தீபாவளிக்குள் உயிரெழுத்து முடிய வேண்டும், ஏ முதல் இசட் வரை முடிய வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் தந்த தாள் சொல்லும். புதிய ஆசிரியர் பயந்துபோய், ஒரு பக்கம் எழுத வைத்த இடத்தில் மூன்று பக்கம் எழுத வைப்பார். விடுமுறைக்கும் நோட்டு வீட்டுக்குப் போகும். விஜயதசமியன்று சேர்ந்து, பள்ளிக்கு வந்தே பத்து நாள் ஆகாத பிள்ளைக்கும் அதே நாலு கோடு நோட்டுதான்.

அந்தக் கை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசியுங்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. நான்கு வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். எல்லாம் எலும்பாக மாறப் பத்து வயது தாண்டும். விரல்களின் சிறு தசைகளுக்கும் இன்னும் வலு வந்திருக்காது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து வரி வரியாக எழுதச் சொன்னால் குழந்தை அதை முஷ்டியால் பிடிக்கும், தாள் கிழிகிற மாதிரி அழுத்தும், தோளைத் தூக்கிக்கொண்டு முழுக்கையாலும் எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் இரண்டாம் வகுப்பிலும் மாற்ற முடியாது. மாற்ற முயன்ற ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் பஸ் வரைவதில் அபார ஆசை உள்ள ஒரு பையன் இருந்தான். ஜன்னல், படிக்கட்டு, கண்டக்டர் பை எல்லாம் அவன் படத்தில் இருக்கும். அக்டோபரில் அந்த வகுப்புக்கு எழுத்து வேலை ஏறியது. இரண்டு வாரத்தில் நோட்டை எடுத்தாலே "வயிறு வலிக்குது மிஸ்" என்று சொல்ல ஆரம்பித்தான். அம்மா மருத்துவரிடம் அழைத்துப் போனார், வயிற்றில் ஒன்றுமில்லை. வீட்டில் வண்ணப் பென்சிலையும் தொடுவதில்லை என்று அவர் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. நோட்டை அடுத்த ஜனவரி வரை மூடி வைத்தோம். பஸ் திரும்பி வர அதைவிட அதிக நாளானது.

அப்படியானால் என்ன செய்வது? விஜயதசமியிலேயே விடை இருக்கிறது. அன்று நாம் குழந்தையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில்தான் 'அ' எழுத வைக்கிறோம், கையில் பென்சிலைக் கொடுப்பதில்லை. திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் முதலில் மணலில்தான் விரலால் எழுதினார்கள், ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரல் தடவிப் பழகிய பிறகுதான் எழுதுவது. எங்கிருந்து பார்த்தாலும் விரல்தான் முதலில் வருகிறது.

எனவே அக்டோபரை விரல்களுக்குக் கொடுங்கள். ஒரு தட்டில் ரவையோ மணலோ போதும். கொசப்பேட்டையில் பொம்மை செய்பவர்களிடம் களிமண் வாங்கி வந்து, கொலுவுக்கு ஆளுக்கொரு பொம்மை பிடிக்கச் சொல்லுங்கள். கோணல்மாணலாகத்தான் வரும், அப்படியே படியில் வையுங்கள். இரவு உட்கார்ந்து நீங்கள் திருத்தாதீர்கள். புள்ளிக் கோலம், துணி கிளிப்பை அழுத்திக் கயிற்றில் மாட்டுவது, நின்றுகொண்டு சுவர்ப் பலகையில் சாக்பீஸால் கிறுக்குவது எல்லாமே எழுத்து வேலைதான். எழுத்து வடிவம் தொடங்கும்போதும் 'அ'வில் பிடிவாதம் வேண்டாம். நேர்கோட்டில் அமையும் ட, ப கைக்கு எளிது, சுழியும் வளைவும் பிறகு வரட்டும்.

பெற்றோர் கேட்பார்கள். "பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரே எழுதுறா மிஸ், எங்க பையன் இன்னும் களிமண்ணுல இருக்கான்" என்று வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். எரிச்சல்படாமல், "அன்னைக்கு அரிசியில எழுதினான்ல, அதையே வீட்டுல தினமும் அஞ்சு நிமிஷம் தட்டுல செய்ய விடுங்கம்மா" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது உடனே புரிகிறது. ஒருங்கிணைப்பாளரிடம் பேச வேண்டியிருந்தால், 2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டுவழிக் கற்றலையே வலியுறுத்துகிறது என்பதைச் சொல்லலாம். பயந்து தலையாட்டிவிட்டு வந்து பிள்ளைகளின் கையில் அந்தச் சுமையை இறக்காதீர்கள்.

முழுக்கடலைச் சுண்டல்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. மசித்த சுண்டல் அல்லது குழைய வெந்த பாசிப்பருப்புச் சுண்டல் போதும். எல்லோரையும் உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடக்கூடாது. ஒவ்வாமை யாருக்கு என்று முந்தின நாளே ஆயாம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாறுவேடம்

பாரதி வேடம் போட்ட குழந்தை மீசை வேண்டாமென்று அழுதால் எடுத்துவிடுங்கள். மீசை இல்லாத பாரதியால் யாருக்கும் நட்டமில்லை.

"தீபாவளிக்கு என்ன டிரஸ்?"

விடுமுறை முடிந்த முதல் நாள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து இதைக் கேட்கிறார்கள். வகுப்பில் தீபாவளி கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். கொண்டாடியும் புதுத்துணி எடுக்க முடியாத வீடு இருக்கும். ஒருமுறை ஒரு பெண் குழந்தை தன் முறை வருவதற்குள் எழுந்து போய்ப் புத்தகப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். வெகுநேரம் தேடிக்கொண்டே இருந்தாள். "லீவுல என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். மழையைப் பார்த்தேன், பாட்டியைப் பார்த்தேன், பூனைக்குட்டியைப் பார்த்தேன் என்று எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும். வெடிச் சத்தத்துக்குப் பயந்ததாக ஒரு குழந்தை சொன்னால் "நீ பெரிய பையனாச்சே" என்று மடக்காதீர்கள். காதைப் பொத்திக்கொண்டு உள்ளே இருந்தது சரியான வேலைதான் என்று சொல்லுங்கள்.

மழை நாளுக்குத் தனித் திட்டம் இல்லாதது

வருகைப் பதிவு பாதியாகும், மைதானம் குளமாகும். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மாற்றுத்துணிப் பை அக்டோபர் முதல் வாரமே வகுப்பில் இருக்கட்டும். வராத பிள்ளைகளுக்காகப் பாடத்தை நிறுத்த வேண்டாம், வந்தவர்களுக்குப் புதுப்பாடமும் வேண்டாம். கதை, களிமண், காகிதக் கப்பல்.

பூஜை விடுமுறைக்குப் பின் மீண்டும் அழுகை

ஜூனில் நின்றுபோனது மறுபடி வரும், வந்தே தீரும். அம்மாவைப் பின்வாசல் வழியாக நழுவச் சொல்லாதீர்கள். கையசைத்துச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

குழந்தைகள் தினத்துக்குக் குழந்தைகளை ஆட வைப்பது

நவம்பர் 14 அன்று ஆசிரியர்கள் ஆட, பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்துக் கைதட்டட்டும். உங்கள் ஒத்திகையைத் தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மழை எத்தனை நாள் விடும் என்று சொல்ல முடியாது.