பூனை வீட்டுக்குள் மூத்திரம் பீய்ச்சுகிறதா? நிறுத்தவும் வாடையை எடுக்கவும் வரிசையாகச் செய்ய வேண்டியவை

சுவரிலோ கதவிலோ செருப்பு ஸ்டாண்டிலோ பூனை பீய்ச்சிவிட்டால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: ஒரு வாளித் தண்ணீர், ஒரு மூடி பினாயில், அழுத்தித் தேய்த்துக் கழுவுவது. இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் மறுபடியும் ஈரம். பூனை பழிவாங்கவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. பீய்ச்சுவது அது தன் இடத்துக்கு வைக்கும் அடையாளம். அடையாளம் மங்கினால் புதுப்பிக்கும். நம் மூக்குக்கு வாடை போய்விட்டாலும் அதன் மூக்குக்குப் போயிருக்காது.

அதனால் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்க வேண்டும். பீய்ச்ச வைக்கும் காரணத்தை நீக்க வேண்டும், பழைய வாடையையும் முழுசாக எடுக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் செய்தால் பலன் வராது. கீழே சொல்லியிருக்கும் வரிசையிலேயே போங்கள்.

1. பீய்ச்சுகிறதா, சாதாரணமாகப் போகிறதா என்று பாருங்கள்

பீய்ச்சும் பூனை நின்றுகொண்டே செய்யும். பின்புறத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வாலைச் செங்குத்தாகத் தூக்கும். வால் நடுங்கும், பின்னங்கால்கள் மாறி மாறித் தரையை மிதிக்கும். அளவு கொஞ்சம்தான் இருக்கும். சுவரில் ஏறக்குறைய ஒரு சாண் உயரத்திலிருந்து வழிந்த கோடு தெரியும்.

குந்தி உட்கார்ந்து மெத்தையிலோ துணிக் குவியலிலோ நிறையப் போயிருந்தால் அது பெரும்பாலும் அடையாளம் வைப்பதில்லை. மணல் தொட்டி பிடிக்கவில்லை, அல்லது உடம்பு சரியில்லை. அப்படியென்றால் 2-ம், 7-ம் படிகள்தான் உங்களுக்கு முக்கியம்.

2. முதலில் மருத்துவர்

சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரில் படிகம், கல் இவை இருந்தாலும் பூனை கண்ட இடத்தில் போகும். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றிலேயே பல விஷயம் தெரிந்துவிடும். வயதான பூனை என்றால் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண் பூனை அடிக்கடி முக்கி உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை, கத்துகிறது, குறியை ஓயாமல் நக்குகிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகக்கூடிய நிலை அது. இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது விஷம்.

3. கருத்தடை அறுவை சிகிச்சை

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தருவது இதுதான். அறுவை செய்த கடுவன்களில் நூற்றுக்குப் பத்து அளவிலும் பெட்டைகளில் ஐந்து அளவிலும்தான் பீய்ச்சும் பழக்கம் நீடிக்கிறது. அறுவை செய்யாத கடுவனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஸ்பிரே, டிஃப்யூசர் (பிளக்கில் மாட்டி வாடையைப் பரப்பும் கருவி) என்று வாங்குவது காசைக் கொட்டுவதுதான். சினைக்கு வந்த பெட்டையும் பீய்ச்சும் என்பது பலருக்குத் தெரியாது.

ஐந்து, ஆறு மாத வயதுக்குள், பீய்ச்சும் பழக்கம் வருவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. அறுவை முடிந்த மறுநாளே நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல பூனைகளுக்குச் சில வாரம் ஆகும், சிலவற்றுக்கு மாதக்கணக்கும் ஆகும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பூனைக்கு அறுவை செய்து பழக்கமுள்ள மருத்துவரை விசாரித்துப் போங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பூனையை அடிக்கடி பார்ப்பதில்லை.

தெருவிலிருந்து எடுத்த கடுவனுக்கு ஏற்கெனவே அறுவை ஆகிவிட்டதா என்று சந்தேகம் இருந்தால் மருத்துவர் குறியைப் பார்த்தே சொல்லிவிடுவார். அறுவை செய்யாத கடுவனின் குறியில் சிறு முட்கள் இருக்கும். அறுவைக்குப் பின் சில வாரத்தில் அவை மறைந்துவிடும். விதைகள் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட பூனைக்கு வெளியில் எதுவும் தெரியாது, ஆனால் முட்கள் இருக்கும், வாடையும் கடுவன் வாடையாகவே இருக்கும்.

4. எல்லா இடத்தையும் கண்டுபிடியுங்கள்

ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்கள். 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். விலை குறைவாகக் கிடைக்கும் 395 வகை ஊதா வெளிச்சத்தையே நிறைய அடிக்கும், கறை அதில் அமுங்கிவிடும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துச் சாய்வாக அடியுங்கள். மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும். சலவைத்தூள் படிந்த துணியும் ஒளிரும், ஆனால் அது பளிச்சென்று நீலவெள்ளையாக இருக்கும். சந்தேகமென்றால் முகர்ந்து பாருங்கள்.

தெரிந்த கறையைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுங்கள். தெரிவதைவிட நான்கு விரல் அகலமாகவே போடுங்கள். வாசல் கதவின் கீழ்ப்பகுதி, திரைச்சீலையின் ஓரம், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பக்கவாட்டு, காஸ் சிலிண்டர், ஊரிலிருந்து வந்த பை இவை வழக்கமான இடங்கள். தரையோரம் இருக்கும் பிளக் பாயின்ட், எக்ஸ்டென்ஷன் போர்டு இவற்றின்மேல் பீய்ச்சியிருந்தால் மெயினை அணைக்காமல் தொடாதீர்கள்.

5. கழுவுவது: தவறு நடப்பது இங்கேதான்

முதலில் எதைத் தொடக்கூடாது என்று பார்ப்போம்.

பினாயிலும், தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகளும் வேண்டாம். ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். மூலையில் அந்துருண்டை போடுவது, நீலகிரித் தைலம் தெளிப்பது, எலுமிச்சை எண்ணெய் தடவுவது போன்ற யோசனைகள் வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகின்றன. மூன்றும் பூனைக்கு நஞ்சு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

வாடை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது, கடுவனிடம் மிக அதிகம். புதிதாக இருக்கும்போது அதற்குப் பெரிதாக வாடை கிடையாது. நாள் போகப் போகச் சிதைந்து, நமக்குத் தெரிந்த அந்தக் காட்டமான கந்தக வாடையை விடுகிறது. அதனால்தான் கழுவிய அன்று ஒன்றும் தெரியாமல், ஒரு வாரம் கழித்து மழை ஈரத்தில் வாடை கிளம்புகிறது. மேலே இருப்பதைத் துடைத்தால் போதாது. உள்ளே ஊறியது வரை மருந்து போய்ச் சேர வேண்டும்.

முதல் முறை, கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனர், அதாவது மூத்திரத்தில் இருப்பதை உடைக்கும் நொதி சேர்த்த திரவம். செல்லப்பிராணி மூத்திரத்துக்கென்றே விற்கிறார்கள். வாசனை சேர்க்காததை வாங்குங்கள். ஈரமாக இருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். பிறகு கிளீனரை ஊற்றுங்கள். இங்கேதான் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். நான்கு பீய்ச்சு ஸ்பிரே அடித்து உடனே துடைத்தால் எதுவும் நடக்காது. மூத்திரம் எவ்வளவு ஊறியதோ அதைவிடக் கூடுதலாக மருந்து ஊற வேண்டும். மெத்தை, சோபா என்றால் ஸ்பிரேயைக் கழற்றிவிட்டு நேராகவே ஊற்றுங்கள். மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, இரவு முழுக்கக் காயாமல் வையுங்கள். காய்ந்துவிட்டால் என்சைம் வேலையை நிறுத்திவிடும். நம் ஊர் வெயிலில், ஃபேனுக்கு அடியில், அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பதால் இந்தத் தாள் அவசியம். காலையில் தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காய விடுங்கள். சூடு தண்ணீரும் வேண்டாம், வேறு கிருமிநாசினியும் வேண்டாம். இரண்டும் என்சைமைக் கெடுத்துவிடும். பழைய கறைக்கு இதையே இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாம் முறை செலவு குறைந்தது. என்சைம் சேர்த்த சலவைத்தூள் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. பாக்கெட்டின் பின்னால் என்சைம் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கரைசலால் நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, சோப்பு போகும்வரை தண்ணீரால் துடைத்து, காய விடுங்கள். காய்ந்தபின் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை லேசாக அடித்துத் துடையுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது, ஸ்பிரிட் முழுக்கக் காயும்வரை பூனை அந்த அறைக்குள் வரக்கூடாது.

டைல்ஸ் இடுக்கில் ஏறிவிட்ட வாடைக்கு நான் பரிந்துரைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. கந்தக வாடையை நேரடியாக உடைக்கும். மருந்துக்கடையில் பெரும்பாலும் 6 சதவீதம் கிடைக்கும். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். அப்படிக் கலந்த 250 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். கலந்ததும் ஊற்றி, கால்மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பாட்டிலில் அடைத்து வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். வண்ணத்துணியில் படக்கூடாது, வெளுத்துவிடும். என்சைம் போட்ட அன்றே இதையும் போட்டால் என்சைம் வீணாகும்.

வினிகரைப் பலர் சொல்கிறார்கள். அம்மோனியாவை மட்டும் அது அடக்கும், கந்தக வாடையை ஒன்றும் செய்யாது. மார்பிள், மொசைக், கடப்பா கல் மூன்றிலும் சுண்ணாம்பு இருப்பதால் வினிகர் பட்ட இடம் மங்கி அரித்துவிடும்.

பட்டுப்புடவை, கம்பளித் துணியில் பீய்ச்சியிருந்தால் என்சைம் கிளீனர் போடவே போடாதீர்கள். பட்டும் கம்பளியும் புரதம். மூத்திரத்தின் புரதத்தைத் தின்னும் என்சைம் நூலையும் தின்னும். டிரை கிளீனிங்கில் பூனை மூத்திரம் என்று சொல்லியே கொடுங்கள். தோல் செருப்பில் ஊறியதை எடுப்பது கஷ்டம். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சுண்ணாம்பு அடித்த சுவரும் பூசி வர்ணம் அடிக்காத சுவரும் மூத்திரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். என்சைமால் இரண்டு முறை ஊறவைத்துக் காயவிட்டு, ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து, அதற்குமேல் வர்ணம் அடியுங்கள். எமல்ஷன் மட்டும் அடித்தால் ஈரக்காலத்தில் வாடை வெளியே வரும்.

6. எது தூண்டுகிறது?

கறை இருக்கும் இடமே பாதி பதில் சொல்லும். வாசல், ஜன்னல், பால்கனி பக்கமாகவே பீய்ச்சினால் வெளியே ஒரு தெருப்பூனை வந்துபோகிறது. ஜன்னலின் கீழ்ப்பாதியில் பனிக்கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வெளியே மிச்சச் சோறு வைக்கும் பழக்கம் இருந்தால் இடத்தை வீட்டிலிருந்து தள்ளி மாற்றுங்கள். தெருவில் போட்டு நடந்த செருப்பை மூடிய அலமாரியில் வையுங்கள். அதில் ஊர்ப்பட்ட பூனை வாடை இருக்கும்.

வீட்டின் நடுவில், நடைவழியில், படுக்கையறை வாசலில் பீய்ச்சினால் உள்ளே இருக்கும் பூனைகளுக்குள் சண்டை. அடித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஒன்று வழியில் உட்கார்ந்து மற்றதை முறைத்தாலே போதும். சாப்பாடு, தண்ணீர், படுக்கை, மணல் தொட்டி எல்லாவற்றையும் வெவ்வேறு அறைகளில், ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி வையுங்கள். ஏறி உட்கார உயரமான இடம் ஆளுக்கொன்று இருக்கட்டும்.

கழுவிக் காய்ந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டையோ பிறாண்டும் கட்டையையோ வையுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பீய்ச்சுவது அரிது. திட்டுவதும் அடிப்பதும் மூக்கை அதில் தேய்ப்பதும் பயத்தைக் கூட்டும். பயம் கூடினால் பீய்ச்சல் கூடும்.

7. மணல் தொட்டி

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் ஒரே மூலையில் வைத்தால் ஒன்று வைத்த மாதிரிதான். நீளம், மூக்கு முதல் வால் தொடங்கும் இடம் வரை உள்ளதில் ஒன்றரை மடங்கு வேண்டும். கடையில் லிட்டர் பாக்ஸ் என்று விற்பவை பல இதற்குச் சிறியவை. துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கத்தை அரையடி உயரத்துக்கு விட்டு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். மூடி வேண்டாம்.

வாசனை இல்லாத, கட்டி சேரும் பென்டோனைட் (ஒருவகைக் களிமண்) மணல், மூன்று விரல் ஆழம். தினமும் இரு முறை அள்ளுங்கள். ஆற்று மணலும் பூனைக்குப் பிடிக்கும், ஆனால் கட்டி சேராது. அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும்.

8. இவ்வளவுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால்

ஃபெலிவே போன்ற டிஃப்யூசர்கள், பூனை கன்னத்தைத் தேய்த்து வைக்கும் வாடையைப் போலச் செய்ததைப் பரப்புபவை. ஒரு ரீஃபில் ஏறக்குறைய 30 நாள் வரும். சோபாவுக்குப் பின்னாலோ மேசைக்கு அடியிலோ மாட்டாதீர்கள். எந்நேரமும் ஜன்னல் திறந்து ஃபேன் ஓடும் வீட்டில் பலன் குறையும். அதனால்தான் முதலில் டார்ச்சையும் என்சைமையும் வாங்கச் சொல்கிறேன்.

அடுத்தது மருந்து. பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூஆக்ஸெட்டின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தாமல் அவர் சொன்னபடி படிப்படியாகக் குறையுங்கள்.

பின்னர் சேர்த்தது

மூன்று பூனை இருக்கும் வீட்டில் எது பீய்ச்சுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பூனைகளை ஒவ்வொன்றாகத் தனி அறையில் பிரித்து வைப்பது குழப்பும். சண்டைக்காரப் பூனை உள்ளே அடைபட்டதும் பயந்த பூனை பீய்ச்சுவதை நிறுத்திவிடும், பழி மாறிவிடும். கறை அதிகம் விழும் இடத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன கேமராவை வைத்துவிடுங்கள். இன்னொரு வழி, மருத்துவரிடம் ஃப்ளூரசீன் சாயம் கேட்பது. ஒரு பூனைக்கு மட்டும் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு நாள் அதன் மூத்திரம் புற ஊதா டார்ச்சில் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். அந்த ஒரு நாள் வெளிர் நிறத் திரைச்சீலைகளைக் கழற்றி வைத்துவிடுங்கள், சாயம் ஒட்டும். இரண்டாவது பூனைக்குக் கொடுப்பதற்கு முன் ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள்.