பயணத்தில் கண்ட பாலூட்டிகளைக் குறித்து வைக்கும் முறை

என்னுடைய பழைய குறிப்பேடு ஒன்றில், திருநெல்வேலிப் பக்கத்துப் பொட்டல்வெளியில் நடந்த ஒரு மாலையைப் பற்றி, ‘குள்ளநரி ஒன்று’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருக்கின்றன. நரி வேறு, குள்ளநரி வேறு. பின்னது நரியைவிட மிகச் சிறியது, அதன் அடர்ந்த வாலின் நுனி கறுப்பாக இருக்கும். ஆனால் பேச்சு வழக்கில் பலரும் நரியையே குள்ளநரி என்கிறோம், அன்று நானும் அப்படித்தான் எழுதினேனா என்பதை இன்று அறிய வழியில்லை. உடலின் அளவையோ வாலின் நிறத்தையோ குறித்திருந்தால் அந்த விலங்கை இப்போதும் அடையாளம் கண்டிருக்கலாம். பார்த்த அடையாளங்களை முதலில் எழுதி, பெயரைக் கடைசியில் எழுத வேண்டும் என்ற வழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

இதற்கு வேண்டிய கருவிகள் குறைவு. சட்டைப்பையில் அடங்கும் தடித்த அட்டைக் குறிப்பேடு ஒன்றும், மழை பட்டாலும் எழுத்து கலையாத பென்சிலும் போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது. கைப்பேசியிலேயே எழுதுவோரும் உண்டு, ஆனால் சஃபாரி வண்டி குலுங்கும்போது திரையில் தட்டச்சு செய்வதைவிட நான்கு கிறுக்கல்களும் ஒரு சிறு கோட்டோவியமும் விரைவானவை. எதில் எழுதினாலும் அந்த இடத்திலேயே, விலங்கு மறைந்த சில நிமிடங்களுக்குள் எழுதிவிட வேண்டும். இரவு விடுதிக்குத் திரும்பி, விலங்குப் படப் புத்தகத்தைப் புரட்டிய பிறகு எழுதினால், நாம் பார்த்ததும் படத்தில் இருப்பதும் நினைவில் கலந்துவிடும்.

ஒரு பதிவு எப்படி இருக்கலாம் என்பதற்கு, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நான் எழுதிய ஒன்றைத் தருகிறேன்: ‘காலை 7.10. ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவு, சாலைக்கு மேலுள்ள பாறைச் சரிவு, சுமார் 40 மீட்டர். வெயில், இலேசான காற்று. குறைந்தது 7. ஒன்று கருமை கலந்த பழுப்பு, முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு, கொம்பு பின்னோக்கி வளைந்தது. மற்றவை சாம்பல் பழுப்பு, அவற்றில் இரண்டு குட்டி. புல் மேய்ந்தன, பேருந்து ஒலிப்பானுக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மேய்ந்தன. 15 நிமிடம். வரையாடு, உறுதி.’ இதை எழுத இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. ஆனால் வயது முதிர்ந்த கிடா ஒன்று மந்தையோடு இருந்தது (முதுகின் வெளிறிய திட்டுதான் அதற்கு அடையாளம்), அந்தப் பருவத்தில் குட்டிகள் இருந்தன, வண்டிச் சத்தத்துக்கு அவை பழகிப்போயிருந்தன என்று பல செய்திகள் அதில் தங்கிவிட்டன. ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாறைக்குப் பின்னால் எத்தனை நின்றன என்பது தெரியாதபோது 7 என்று முடிவாக எழுதுவது தவறு. ‘உறுதி’, ‘பெரும்பாலும்’, ‘ஐயம்’ என்ற மூன்று சொற்களுள் ஒன்றை ஒவ்வொரு பதிவின் இறுதியிலும் சேர்ப்பது என் வழக்கம்.

எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்பது விலங்குக்கு விலங்கு மாறும், புறப்படுவதற்கு முன் அதைப் படித்துக்கொள்வது பெரிதும் உதவும். சாலையைக் கடந்து ஓடும் கீரியில் பார்க்க வேண்டியது வால் நுனி. அது கறுப்பாக இருந்து மேல்நோக்கி வளைந்திருந்தால் செங்கீரி, வெளிறியிருந்தால் நாம் ஊரில் காணும் சாதாரணக் கீரி. ஆனைமலைச் சோலைகளில் மரக்கிளையில் கரிய உருவம் ஒன்று அசைந்தால், அது சோலைமந்தியாகவும் இருக்கலாம், கருமந்தியாகவும் இருக்கலாம். சோலைமந்திக்கு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி மயிரும், நுனியில் குஞ்சம் கொண்ட குட்டையான வாலும் உண்டு. கருமந்தியின் வால் மிக நீளமானது, தலைமயிர் பழுப்பேறியிருக்கும். முகம் இலைகளுக்குள் மறைந்து வால் மட்டும் தொங்கினாலும் பிரித்தறிந்துவிடலாம்.

பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். நம் மலைகளில் பலரும் காட்டெருமை என்று அழைப்பது உண்மையில் காட்டுமாடு. எருமை இனத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு தமிழகக் காடுகளில் இல்லை. கேளையாடு ஆடு அன்று, மான். கடமானைத் தென்கோடி மாவட்டங்களில் மிளா என்பார்கள். உள்ளூர் வழிகாட்டி சொன்ன பெயரை அவர் சொன்னபடியே எழுதுங்கள், அது மதிப்புள்ள செய்தி. பக்கத்திலேயே அறிவியல் பெயரையும் எழுதிவிட்டால் குழப்பம் நீங்கும். அந்தப் பெயரும் நிலையானதன்று. வரையாட்டை இமயமலைத் தார் ஆட்டோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தவர்கள், 2005-இல் அதற்கெனத் தனிப் பேரினம் வகுத்து நீலகிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ் என்றார்கள். ஆகவே எந்த ஆண்டில் எந்தப் பெயரைப் பயன்படுத்தினோம் என்பது பதிவில் இருப்பது நல்லது. கடல் கடந்தால் இது இன்னும் முக்கியம். தமிழகத்தில் இருப்பது சாம்பல் நிறத் தேவாங்கு மட்டுமே, இலங்கையிலோ அதனுடன் செந்நிறத் தேவாங்கும் உண்டு. அங்கே ‘தேவாங்கு’ என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்தி போய்விடும்.

எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தெப்பக்காடு முகாம் யானைகள் காட்டுக்குள் மேய்ந்துகொண்டிருந்தாலும் அவை வளர்ப்பு யானைகளே. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் அதே வெளியில் திரியும் குதிரைகள், வளர்ப்பிலிருந்து விலகிக் காட்டில் பெருகியவை. அந்தமானின் புள்ளிமான்கள் மனிதர் கொண்டுபோய் விட்டவை. நான் இவற்றை எழுதாமல் விடுவதில்லை, தனிக் குறியிட்டு எழுதுகிறேன். கேட்ட குரல், காலடித் தடம், எச்சம், கரடி கிளறிய புற்று ஆகியவற்றுக்கும் தனிக் குறி உண்டு. மண்ணில் பதிந்த தடத்தில் நகக்குறி தெரிந்தால் செந்நாய் போன்ற நாயினம் என்றும், தெரியாவிட்டால் பூனையினம் என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். படமெடுக்கும்போது பக்கத்தில் பென்சிலை வைத்தால் அளவு விளங்கும். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் உயிரினங்களையும் தவறாமல் குறியுங்கள், ஆனால் புலிகள் காப்பகச் சாலையில் அதற்காக வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

உலகில் 6,000-க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பாதிக்கு மேல் கொறிணிகளும் வௌவால்களும்தான். புலியும் யானையும் மட்டுமே உள்ள குறிப்பேடு, பார்த்தவரின் விருப்பத்தைச் சொல்லுமே தவிர அந்த இடத்தைச் சொல்லாது. கோயில் குளத்தருகே ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை, அந்தி நேரத்தில் அவை கிளம்பிப் பறக்கும்போது நிதானமாக எண்ணலாம். விடுதி வளாகத்து அணிலின் முதுகில் எத்தனை கோடுகள் என்றும் பாருங்கள். ஒன்றுமே தென்படாத நாளையும் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம், எந்த வழி, என்ன வானிலை. ஐந்து முறை போய் ஒரு முறை மலை அணிலைக் கண்டதற்கும், போன ஒரே முறை கண்டதற்கும் உள்ள வேறுபாடு அந்த வெறும் நாள்களால்தான் தெரியவரும்.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் ஏற்றி, நாள், நேரம், இடம், இனம், எண்ணிக்கை, கண்ட விதம், உறுதி, குறிப்பு என்ற பத்திகளோடு வைத்துக்கொள்ளலாம். குறிப்பேட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உயிரினப் பதிவுகளைப் பகிர்வதற்கான ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படங்களை ஏற்றினால் மற்றவர்கள் இனத்தைச் சரிபார்ப்பார்கள், அழியும் நிலையிலுள்ள பல இனங்களின் துல்லியமான இடத்தை அத்தளமே மறைத்தும் வைக்கும். சமூக ஊடகங்களில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எறும்புத்தின்னியும் தேவாங்கும் இன்றும் வேட்டையாடப்படுகின்றன. அவற்றைக் கண்ட இடத்தை வனத்துறையினருக்கு வேண்டுமானால் சொல்லலாம், வேறெங்கும் எழுதாதீர்கள். கைப்பேசி எடுக்கும் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கலாம், பகிரும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

பின்னாளில் ஒரு பதிவு தவறென்று தெரிந்தால் அழிக்காமல், ஒற்றைக் கோட்டால் அடித்து, புதிய பெயரையும் திருத்திய நாளையும் காரணத்தையும் ஓரத்தில் எழுதுங்கள். என் திருநெல்வேலிப் பக்கத்தின் ஓரத்திலும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘நரியா, குள்ளநரியா, ஐயம். அடையாளம் எதுவும் எழுதப்படவில்லை. கணக்கில் சேர்க்கவில்லை.’