ரிச்மண்ட் பார்க்கில் இருட்டிய பிறகு: எந்தக் கேற் எப்போது?

எனக்கு வேலை ரோஹாம்ப்டன் பக்கம், வீடு கிங்ஸ்டன் பக்கம். நடுவில் 2,500 ஏக்கரில் ரிச்மண்ட் பார்க், லண்டனின் அரச பூங்காக்களில் ஒன்று. பின்னேர ஷிப்ட் முடிந்தால் பார்க்குக்குள்ளால்தான் சைக்கிளில் வீடு வருவேன். "இருட்டினால் பூட்டிவிடுவார்களே?" என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பூட்டுவது கார் போகும் கேற்றைத்தான். பக்கத்தில் இருக்கும் சின்னக் கேற், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும், வருடத்தின் பெரும்பகுதி இரவு முழுக்கத் திறந்திருக்கும்.

கார் கேற் கோடையில் காலை 7 மணிக்கும் குளிர்காலத்தில் 7.30க்கும் திறக்கும். மூடுவது பொழுது படும் நேரத்தைப் பொறுத்தது. டிசம்பரில் 4 மணிக்கே மூடிவிடுவார்கள், ஜூனில் 9 மணியளவில். அன்றைய நேரம் கேற்றடிப் பலகையில் இருக்கும், உள்ளே போகும்போதே பாருங்கள். இரவு நடக்கத்தான் போகிறீர்கள் என்றால் காரை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம், வெளியே தெருவில் விடுங்கள். சூரியன் மறைவதைப் பார்க்கிறோம் என்று கார் பார்க்கில் நின்றால் கேற் உங்களுக்காகக் காத்திருக்காது.

இசபெல்லா தோட்டம் தனிக் கணக்கு. பார்க்குக்குள்ளே இருந்தாலும் அதற்குச் சொந்த வேலி, சொந்தக் கேற். பொழுது பட்டால் மூடிவிடும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நவம்பரும் பெப்ரவரியும். அந்த நாட்களில் நடப்பவர்களின் கேற்றையும் இரவு 8 மணிக்குப் பூட்டி, காலை 7.30க்குத்தான் திறப்பார்கள். உள்ளே 600க்கும் மேல் மான்கள். பிடித்துத் தின்ன ஓநாய் இல்லை, மேய்ச்சலோ அளவானது, ஆகவே ஒரு பங்கைச் சுட்டுக் குறைக்கிறார்கள். இருட்டில் துவக்கோடு ஆட்கள் நிற்கும் இடம் அது. மதில் ஏறிக் குதிக்கிற யோசனை வேண்டாம். மூடிய நேரத்தில் உள்ளே நிற்பதே குற்றம். சரியான திகதிகளை முன்கூட்டியே கேற்றில் ஒட்டுவார்கள். அந்த வாரங்களில் நான் 85ஆம் நம்பர் பஸ்தான்.

இந்தச் சின்னக் கேற்றுக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. அரசகுமாரி அமீலியா பார்க்கை ஊராருக்கு மூடியபோது, ஜோன் லூயிஸ் என்ற பியர் காய்ச்சுகிறவர் கோர்ட்டுக்குப் போய் 1758இல் வென்றார். கதவு வேண்டுமா, மதிலேறும் படி வேண்டுமா என்று நீதிபதி கேட்க, படியைத்தான் கேட்டாராம். கதவென்றால் பூட்டலாம் அல்லவா? விவரமான மனுசன்.

அப்புறம், உள்ளே தெருவிளக்கு ஒன்றும் இல்லை. சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ஆனால் கண்ணைப் பறிக்கும் விளக்கைப் போட்டால் மான் அசையாமல் றோட்டிலேயே நிற்கும், கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே நினைத்து பிரேக்கைப் பிடியுங்கள். செப்டம்பர், ஒக்டோபரில் கலைமான்கள் கத்திச் சண்டை பிடிக்கும் காலம். 50 மீற்றர் தள்ளி நில் என்பது பகல் விதி. இரவில் அந்தத் தூரத்தை அளக்க முடியாது, ஆகவே தார் றோட்டை விட்டுப் புல்லுக்குள் இறங்காதீர்கள். மே முதல் ஜூலை வரை குட்டி போட்ட மான் நாயைக் கண்டால் துரத்தும், நாயை வீட்டிலேயே விடுங்கள்.

இதே கணக்கை லண்டனின் மற்ற அரச பூங்காக்களுக்குப் போடாதீர்கள். ஹைட் பார்க்கில் நடப்பவர்களுக்கும் நள்ளிரவு முதல் காலை 5 வரை பூட்டு. ரீஜன்ட்ஸ் பார்க் பொழுது பட்டாலே மூடிவிடும்.