டெல்லிக் குளிருக்கு மிளகுக் கோழி சூப்: கலங்காமல் வைப்பது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் மயூர் விஹார் வீட்டில் ரசத்தைவிட அதிகமாகக் கொதிப்பது கோழி சூப்தான். கார்ன்ஃப்ளார், வெண்ணெய், சூப் கட்டி எதுவும் வேண்டாம். நான்கு பேருக்கான அளவு இது.

கோழி அரை கிலோ. வெறும் நெஞ்சுக்கறி வாங்கினால் வெந்நீர்தான் மிஞ்சும். கழுத்து, முதுகு, இறக்கை என்று எலும்பாகக் கேளுங்கள். இங்குள்ள கறிக்கடைகளில் ‘கர்தன்’ என்றால் கழுத்தை எடுத்துப் போடுவார்கள். கூடவே இரண்டு கால் (தொடைக்கறி இல்லை, பாதம்) கிடைத்தால் விடாதீர்கள். உதட்டில் லேசாக ஒட்டுமே, அந்தப் பதம் காலிலிருந்துதான் வருகிறது.

பத்து சின்ன வெங்காயம், தோலோடு நசுக்கிய ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு ஸ்பூன் சீரகம், ஒன்றரை ஸ்பூன் மிளகு, கால் ஸ்பூன் மஞ்சள்தூள். சின்ன வெங்காயமும் நல்ல கறிவேப்பிலையும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பெரிய வெங்காயத்தையே போடுங்கள், சாமி குத்தம் ஒன்றுமில்லை. கொத்தமல்லிக்குக் காய்காரர் இனாமாகப் போடுவதே போதும். தழையைக் கிள்ளி வைத்துக்கொண்டு தண்டை மட்டும் சூப்புக்கு எடுங்கள்.

ஐந்து லிட்டர் குக்கரில் கோழியைப் போட்டு, ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் மிதமான தீயில் வையுங்கள். கொதி வரும் நேரத்தில் சாம்பல் நிற நுரை ஓரமாக ஒதுங்கும். கரண்டியால் வழித்து எறியுங்கள். மஞ்சளை முதலிலேயே போட்டுவிட்டால் நுரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் நுரை அடங்கிய பிறகு மஞ்சள், சீரகம், வெங்காயம், பூண்டு, இஞ்சி, மல்லித்தண்டு, கறிவேப்பிலை. மிளகு இப்போது வேண்டாம்.

மூடி வெயிட் போடுங்கள். முதல் விசில் வந்ததும் சிம்மில் இருபது நிமிடம், அப்புறம் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பலருக்கும் சூப் கெடுவது இதற்கு அடுத்த நொடியில். ஆபீஸுக்கு நேரமாகிறது என்று கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ‘புஸ்’ என்று ஆவியை விடுவோம் இல்லையா, அதைச் செய்யாதீர்கள். அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 120 டிகிரி அளவில் இருக்கும். அழுத்தம் சட்டென்று இறங்கினால் தீயே இல்லாமல் அது தளதளவென்று கொதிக்கும். மேலே மிதந்த கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும், எலும்புத் துகளும் அடியிலிருந்து கிளம்பிவிடும். அப்புறம் எத்தனை முறை வடிகட்டினாலும் சூப் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும். அழுத்தம் தானாக இறங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். இதே காரணத்துக்காகத்தான் ஐந்தாறு விசில் விட்டு எடுக்கும் முறையும் எனக்குப் பிடிக்காது.

இனி வடிகட்டி, உப்புப் போட்டு, அடுப்பில் ஏற்றி ஒரு கொதி. இறக்கும்போது மிளகு. பாக்கெட் மிளகுத்தூள் காரம் மட்டும் தரும், வாசனை வராது. இடிகல்லில் அப்போதே கரகரவென்று இடித்துப் போட்டு, இரண்டு நிமிடம் மூடி வைத்துக் கிள்ளிய தழையைத் தூவுங்கள். எலும்பில் ஒட்டிய கறியை உதிர்த்துச் சேர்க்கலாம்.

பின்சேர்க்கை: ஃபிரிட்ஜில் வைத்த சூப் அல்வா மாதிரி இறுகிவிட்டது, கெட்டுப்போயிற்றா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை, எலும்பின் சத்து நன்றாக இறங்கியிருக்கிறது. சுட வைத்தால் இளகிவிடும். கொழுப்பு வேண்டாம் என்பவர்களுக்கு அது வசதியும்கூட, மேலே உறைந்த படலத்தை ஸ்பூனால் அப்படியே எடுத்துவிடலாம். இரண்டு மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் மிளகு போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.