உள்நாட்டு விமானத்தில் பிசினஸ் கிளாஸ் சீட்: மதுரையிலிருந்து கிளம்புவோர் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

மதுரை–சென்னை விமானத்துக்கு அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். சீட்டைச் சாய்த்து உட்காரக் கிடைப்பது அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் நாற்பது நிமிடம். அந்தத் தூரத்துக்குப் பெரிய சீட் தேடுவது வீண் செலவு. சென்னையில் மாறி டெல்லிக்குப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த நீளமான பறத்தலுக்குத்தான்.

படி 1: விமானத்தின் வகையைப் பாருங்கள்

டிக்கெட் தளத்தில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ஏடிஆர் (புரொப்பல்லர் வைத்த சின்ன விமானம்), ஏ320, ஏ321 (ஏர்பஸ் ஜெட் விமானங்கள்) என்று சின்னதாக எழுதியிருக்கும். கட்டணத்தைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். இண்டிகோவின் ஏடிஆர் 72இல் 78 சீட், எல்லாம் எகானமி. அதன் ஏ320இலும் பிசினஸ் கிளாஸ் கிடையாது.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஏடிஆரில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பயணிகள் ஏறி இறங்கும் கதவு வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சீக்கிரம் இறங்கலாம் என்று கூடுதல் பணம் கட்டி முன்வரிசை எடுத்தால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள். புரொப்பல்லருக்கு நேரான வரிசைகளில் இரைச்சலும் அதிகம். பின்பக்கம் கொஞ்சம் தேவலை.

படி 2: சீட் மேப்பில் வரிசைகளை எண்ணுங்கள்

ஏர் இந்தியாவின் மூன்று வகுப்பு ஏ320நியோவில் (ஏ320இன் புதிய வகை) பிசினஸ் 8 சீட், பிரீமியம் எகானமி (எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள வகுப்பு) 24, எகானமி 132. பிசினஸில் பக்கத்துக்கு இரண்டாக இரண்டே வரிசை.

ஏ321இல்தான் பலர் ஏமாறுகிறார்கள். இண்டிகோவின் பிசினஸ் வகுப்பான ஸ்ட்ரெச்சில் 12 சீட். விஸ்தாராவிடமிருந்து ஏர் இந்தியாவுக்கு வந்த ஏ321நியோவிலும் 12 சீட். மேப்பில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஸ்ட்ரெச் சீட் 5 அங்குலம் மட்டும் சாயும். மற்றது படுக்கையாகவே விரியும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், சீட் விளக்கத்தில் ‘ஃபுல் பிளாட்’ (முழுத் தட்டை) என்று இருக்கிறதா என்று தேடுங்கள். பெருநகரங்களுக்கு இடையே சில நேரம் 787 போன்ற பெரிய விமானமும் ஓடும். அதில் தட்டையாக விரியும் சீட் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 3: மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிட்ச், அகலம், சாய்வு. பிட்ச் என்பது ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன்சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம். கால் நீட்டும் இடம் முழுவதும் அதுவே என்று நினைத்துவிட வேண்டாம்; முன்சீட்டு முதுகின் தடிமனும் அதற்குள் அடங்கும். ஏர் இந்தியா ஏ320நியோ பிசினஸில் பிட்ச் 40 அங்குலம், சாய்வு 7 அங்குலம். ஸ்ட்ரெச்சில் பிட்ச் 38. பிரீமியம் எகானமியில் 32. சாதாரண எகானமியில் பொதுவாக 28 முதல் 30.

படி 4: உங்களையும் அளந்து பாருங்கள்

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகு சுவரில் படும்படி நிமிர்ந்து உட்காருங்கள். சுவரிலிருந்து முட்டியின் முன்பக்கம் வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 62 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். 29 அங்குல பிட்ச் என்றால் சுமார் 73.5 செ.மீ.; சீட் முதுகுக்குத் தோராயமாக 5 செ.மீ. கழித்தால் 68.5. முட்டிக்கு முன்னால் ஆறரை செ.மீ. மிஞ்சும். நெருக்கம்தான், ஆனால் இடிக்காது. 40 அங்குலத்தில் முதுகுக்கு 10 செ.மீ. கழித்தாலும் முட்டிக்கு முன்னால் 29 செ.மீ.க்கு மேல் இருக்கும். முட்டி அளவு 58க்குள் உள்ளவருக்கு நீளத்தால் பெரிய லாபமில்லை. அகலத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்.

படி 5: வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வரிசையில் முன்னால் தடுப்புச் சுவர். கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், மேலே போட வேண்டும். சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடி தடிமனாகி அகலத்தில் கொஞ்சம் போய்விடும். எட்டு சீட் அறையில் எங்கள் தேர்வு இரண்டாவது வரிசை ஜன்னலோரம்.

படி 6: கடைசித் தொகையோடு கடைசித் தொகையை ஒப்பிடுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு ஜிஎஸ்டி 5%, மற்ற வகுப்புகளுக்கு 18%. உதாரணத்துக்கு அடிப்படைக் கட்டணம் 7,000 என்றால் வரி 350. 20,000 என்றால் 3,600. கீழமாசி வீதியில் கடை வைத்திருப்பவர் சரக்கு வாங்கத்தான் போகிறார் என்றால், கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ள, டிக்கெட் பதிவு செய்யும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்க வேண்டும். பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

பிசினஸில் கூடுதலாகக் கிடைக்கும் லக்கேஜ், சாப்பாடு, தேதி மாற்றும் சலுகை இவற்றில் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவதை மட்டும் ரூபாயில் மதிப்பிட்டு, விலை வித்தியாசத்திலிருந்து கழியுங்கள். மிச்சத்தைச் சாய்ந்து உட்காரக் கிடைக்கும் நிமிடங்களால் வகுத்தால், ஒரு நிமிடத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். சென்னை–டெல்லிக்கு 130 நிமிடம் என்று போடலாம்.

படி 7: ஒரே டிக்கெட்டா, இரண்டா?

மதுரை–சென்னை எகானமியும் சென்னை–டெல்லி பிசினஸும் தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டு சிக்கல். முதல் விமானத்தில் எகானமியின் 15 கிலோ வரம்புதான் செல்லும். அடுத்த டிக்கெட்டின் கூடுதல் கிலோ அங்கே உதவாது. சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், முனையமும் மாறலாம். மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பதிவு செய்த பிறகு

வெப் செக்-இன் திறந்ததும் சீட் மேப்பை மறுபடி பாருங்கள். விமானம் மாறியிருந்தால் சீட் எண்ணும் நகர்ந்திருக்கும். உங்கள் சம்மதமில்லாமல் எகானமிக்கு இறக்கினால், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதிப்படி உள்நாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்த்து டிக்கெட் தொகையில் 75% திரும்பத் தர வேண்டும். 2023 பிப்ரவரியில் வந்த விதி இது. படுக்கை சீட் போய்ச் சாயும் சீட் வந்தால் இதைக் காட்டிக் கேட்க முடியாது, ஏனென்றால் வகுப்பு மாறவில்லை. இறக்கும்போது ‘சம்மதம்’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய போர்டிங் பாஸ், புதியது இரண்டையும் கவுன்டரிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.