சென்ட்ரிங்கை எப்போது பிரிக்கலாம்? வயர்லெஸ் சென்சார் வைத்துக் கணிக்கும் முறை

அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமெண்ட்டைத் தயாரிப்பதில் கார்பன் உமிழ்வு குறைவு. ஆனால் முதல் சில நாள்களில் பலம் மெதுவாகத்தான் ஏறும். அவசரப்பட்டு முட்டுகளை எடுத்தால் தளம் தொய்யும். பயந்துகொண்டு சிமெண்ட் மூட்டைகளைக் கூட்டினால் சாம்பல் சேர்த்த பயன் போய்விடும். கான்கிரீட்டின் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிந்து பலத்தைக் கணிக்கும் 'முதிர்ச்சி முறை' இதற்கு உதவும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் சி1074 இதற்கான தரநிலை.

வேண்டியவை: இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), நீர்புகா டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார்கள், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், 4 ஏஏ பேட்டரி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. பவர் பேங்க் வேண்டாம். பதிவுகளுக்கு இடையே போர்டு தூங்கும்போது மின்னோட்டம் குறைவதால் அது தானே அணைந்துவிடும்.

1. முதலில் கியூப். சென்சார் அளப்பது வெப்பத்தை மட்டுமே, பலத்தை அல்ல. எனவே தளத்துக்குப் போடப்போகும் அதே கலவையில் 150 மி.மீ. கியூப் 17 வார்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் சென்சார் புதையுங்கள். மற்ற 15-ஐ 1, 3, 7, 14, 28-ஆம் நாள்களில் மும்மூன்றாக லேபில் உடைத்து, பலத்தையும் அன்றைய முதிர்ச்சியையும் (வெப்பநிலையையும் நேரத்தையும் பெருக்கிய கூட்டுத்தொகை; கணக்கு 4-இல்) வரைபடமாக்குங்கள். சிமெண்ட் பிராண்டோ தண்ணீர் அளவோ மாறினால் இந்த வரைபடம் செல்லாது.

2. இணைப்பு. சிவப்பு 3.3 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் போர்டின் ஜிபிஐஓ 4 பின். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ரெசிஸ்டர். 30 நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். 85 டிகிரி என்று வந்தால் சென்சார் இன்னும் அளந்து முடிக்கவில்லை. போர்டின் நிரலில் 750 மில்லி விநாடி காத்திருக்கச் சொல்லுங்கள். மைனஸ் 127 என்றால் வயர் விட்டுப்போயிருக்கிறது. வைஃபை போனாலும் பதிவு போகாதபடி போர்டின் நினைவகத்திலும் சேமியுங்கள்.

3. பதித்தல். தளத்தின் கனத்தில் நடுவே, கம்பியைத் தொடாமல், ரப்பர் துண்டு வைத்துக் கட்டுங்கள். கடைசியாகக் கான்கிரீட் விழும் மூலைக்கு ஒன்று கட்டாயம். பலம் பிந்துவது அங்கேதான். வைப்ரேட்டர் ஊசி படாதிருக்க இடத்தைப் பெயிண்டால் குறியுங்கள். ஈரக் கான்கிரீட் ரேடியோ அலையை விழுங்கும் என்பதால் போர்டு வெளியேதான் இருக்க வேண்டும்.

4. கணக்கு. ஒவ்வொரு பதிவு இடைவெளியின் சராசரி வெப்பநிலையையும் அதன் நேரத்தால் (மணியில்) பெருக்கிக் கூட்டுங்கள் (அடிப்படை வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே பலம் ஏறாது என்று கொள்ளும் அளவு, 0 டிகிரி என்று கொண்டால்). 35 டிகிரியில் 24 மணி என்றால் 840 டிகிரி-மணி. 25 டிகிரியில் 600. வரைபடத்தில் அதற்கு நேரான பலமே உங்கள் மதிப்பீடு.

தண்ணீர் விடுவது நின்றால் கான்கிரீட் காய்ந்து பலம் ஏறுவதும் நின்றுவிடும். கணக்கோ கூடிக்கொண்டே போகும். பிபிசிக்கு 10 நாளாவது நீராற்றுதல் (ஈரமாகவே வைத்திருத்தல்) தேவை. கணிப்பு எவ்வளவு நன்றாக வந்தாலும், இந்தியத் தரநிலை ஐஎஸ் 456:2000 தளத்து முட்டுக்குச் சொல்லும் நாள் (தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை 7, அதற்கு மேல் 14) குறையாமல், பொறியாளர் ஒப்புதலோடு மட்டுமே பிரியுங்கள்; அந்த நாள்கள் சாதாரண (ஓபிசி) சிமெண்ட்டுக்கானவை, பிபிசிக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதைப் பொறியாளரிடம் கேளுங்கள்.