ஊட்டியில் ஆட்டோகிளேவ்: 15 பவுண்டு போதாது

ஊட்டி ஆய்வகங்களில் நியூட்ரியன்ட் அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) தயாரித்து, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டினால் 121 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டது என்பது சமவெளிக் கணக்கு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதே 15 பவுண்டில் உள்ளே ஏறக்குறைய 117 டிகிரிதான் இருக்கும். பேசில்லஸ் பாக்டீரியாவின் வெப்பம் தாங்கும் வித்துகள் தப்பிப் பிழைத்து, ஓரிரு நாளில் அகார் தட்டில் முளைத்து நிற்கலாம்.

வெப்பமானி உள்ள கருவி என்றால், 121 டிகிரியைத் தொட்டபின் 15 நிமிடம் எண்ணுங்கள். அழுத்தமானி மட்டும்தானா? கருவியின் எல்லையைத் தாண்டி அழுத்தத்தை ஏற்றவே வேண்டாம். சிறு புட்டிகளுக்கு நேரத்தை 40 நிமிடமாக நீட்டுங்கள். முதலில் வால்வைத் திறந்துவைத்து, உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிவிட வேண்டும். காற்று தங்கினால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். அப்புறம், புட்டி மூடிகள் தளர்வாகவே இருக்கட்டும்.